இன்றும் கடல் கொந்தளிப்பு

ஆனந்த வருஷம், தை 3

எனக்கு எழுதத் தெரியாது. இதை எழுதுகிறவர் கிறிஸ்தவக் கோவில் உபதேசியார் ஞானாதிக்கம். சொல்லுகிறவன் தரங்கம்பாடிப் படகுக்காரர்களுக்குத் தலைவன், தண்டல் வேம்படியான். வயது அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ.

எங்கள் துறைக்கு எந்தக் கப்பலும் நேரே வந்து சேராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அலை. வெள்ளைக்காரன் ஆணி அடித்த மரப்படகு அதில் மாட்டினால் விறகுதான். கயிற்றால் தைத்த எங்கள் படகு மட்டும் வளைந்து கொடுத்துத் தாண்டும். பன்னிரண்டு துடுப்பு, தண்ணீர் இறைக்க மூன்று பேர், சுக்கான் துடுப்பில் நான். துரையோ, துணி மூட்டையோ, பன்றியோ, எது வந்தாலும் போனாலும் எங்கள் படகில்தான்.

இப்போது எதற்கு எழுத்து? போன ஐப்பசியில் கோட்டையில் ஒரு விசாரணை. ஒரு சாராயப் பீப்பாய் கடலில் விழுந்தது பற்றி. "புரட்டாசி பத்தொன்பது, இரண்டாவது அலை, படகின் இடது பக்கம், பீப்பாய் ஏற்கெனவே கசிந்து வந்தது" என்று சொன்னேன். கோட்டை எழுத்தர், "எதில் எழுதியிருக்கிறது?" என்றார். "என் மண்டையில்" என்றேன். "அப்படியானால் மண்டையைக் கழற்றி மேஜை மேல் வை, படிக்கிறேன்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எழுதாத ஞாபகம் செல்லாதாம். சரி, எழுதிவிடுவோம்.

உபதேசியாருக்குத் தினம் ஒரு மீன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "நான் வேதக்காரன், பொய் எழுத மாட்டேன். உம் வாயிலிருந்து வருவது எதுவோ அதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுவேன்." ஒத்துக்கொண்டேன். இன்று சங்கரா மீன். சின்னதாக இருக்கிறது என்று பார்க்கிறார். அதையும் எழுதும்.

தை 7

புதுக் கப்பல் ஒன்று வந்திருக்கிறது. கொடியில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு, மூலையில் நட்சத்திரம். துடுப்புக்காரன் சாத்தப்பன், "யாரோ போர்வையைக் காயப் போட்டிருக்கானுங்க, தண்டல்" என்றான். அமெரிக்காவாம். கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கிலீசுக்காரனிடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போனவர்கள். கப்பல்காரர் பெயர் பிரூஸ்டர். நெட்டையான மனுஷர். எப்போதும் சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.

எந்த ஊர் என்று, இங்கிலீசு தெரிந்த உபதேசியாரை விட்டுக் கேட்டேன். சேலமாம். எனக்குத் தெரிந்த சேலத்தில் ஏது கடல்? அது வேறு சேலமாம். சரக்கு என்ன என்று கேட்டேன். உப்புப் போட்டுக் காயவைத்த மீன், முந்நூறு பீப்பாய். தரங்கம்பாடிக்கு, எட்டு மாதம் கடலில் வந்து, கருவாடு விற்க வந்திருக்கிறார்கள்! படகில் யாரும் சிரிக்கவில்லை. விருந்தாளி முன்னால் சிரிக்கக் கூடாது. கரை சேர்ந்த பிறகு சாத்தப்பன் மணலில் உருண்டான்.

தை 8

படகில் நாலு இடத்தில் கயிறு தளர்ந்திருந்தது. தைத்தோம். உபதேசியாருக்கு வஞ்சிரத் துண்டு. வாங்கிக்கொண்டு நேரே எழுத உட்கார்ந்தார்.

தை 10

பிரூஸ்டர் துரை பையில் வைத்திருப்பது ஒரு காகிதம். இன்று படகில் வரும்போது எடுத்துக் காட்டினார். அவர்கள் நாட்டுப் பெரியவர் அச்சடித்து விட்டிருக்கிறாராம். இங்கிலீசுக்காரனுக்கும் பிராஞ்சுக்காரனுக்கும் சண்டை நடக்கிறது, நம் ஆட்கள் ஒரு பக்கமும் சேரக் கூடாது, இரண்டு பேரோடும் சிநேகமாக இருக்க வேண்டும். நடுநிலைமை என்று உபதேசியார் அதற்கு ஒரு சொல் சொன்னார்.

"சிநேகமா இருந்தா ரெண்டு பேரும் உங்களைச் சும்மா விட்டுடுவாங்களா?" என்று கேட்டேன்.

துரை காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லையாம்.

"உங்க பாகப்பிரிவினைச் சண்டையில பிராஞ்சு ராஜாதானே கப்பலும் பீரங்கியும் கொடுத்து ஒத்தாசை பண்ணினார்? அவருக்கு நீங்க வாக்குக் கொடுக்கலையா?"

கொடுத்தார்களாம். ஆனால் அந்த ராஜாவின் தலையை அவர் குடிகளே வெட்டிவிட்டார்கள். வாக்குக் கொடுத்தது அந்தத் தலைக்கு. இப்போது அது உடம்போடு இல்லை. ஆகவே யோசிக்க வேண்டிய விஷயம் என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பெட்டியில் ஐந்து நாட்டுக் கொடி மடித்து வைத்திருக்கிறது. பக்கம் சேராதவருக்கு எதற்கு இத்தனை கொடி?

முப்பத்தைந்து வருஷத்தில் பக்கத்துக் காரைக்காலில் கொடி ஐந்து தடவை மாறினதைப் பார்த்தவன் நான். எங்கள் கோட்டை தினமார்க்காரருடையது, அவர்களும் சண்டையில் சேராதவர்கள். அதனால் எல்லாச் சண்டைக்காரனும் இங்கே வந்துதான் சாப்பிடுகிறான்.

தை 12

வீட்டில் சண்டை. பிரூஸ்டர் கப்பலில் நாலு பேருக்குக் காய்ச்சல், இரண்டு பேரைக் கடலில் விட்டார்கள். ஆள் கேட்கிறார். என் மகன் வைரவன் போகிறேன் என்கிறான். முப்பது வயது, பன்னிரண்டாவது துடுப்பு அவனுடையது. மூத்தவர்கள் இரண்டு பேர் கடலோடு போனார்கள். இவன் ஒருத்தன்தான்.

"ஊர்ல இருக்கிற கடல் போதாதா உனக்கு?" என்று என் பெண்டாட்டி காத்தாயி கத்தினாள்.

"ஆத்தா, இந்தக் கப்பல் சண்டைக்குப் போறதில்ல. பக்கம் சேராத கப்பல்."

"பக்கம் சேராதவனுக்கு ரெண்டு பக்கமும் அடி விழும்டா!" என்றுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "யோவ், ஊமையா நீ? சொல்லேன் ஏதாச்சும்."

நான் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு பேரோடும் சிநேகமாக இருந்தேன். எனக்கு மட்டும் இன்றைக்குச் சோறு இல்லை.

தை 13

வைரவன் கப்பலில் சேர்ந்துவிட்டான். துரை தன் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னார், இந்த ஊரில் பிறந்தவர், இவர் அமெரிக்காக்காரர், யாரும் பிடிக்கக் கூடாது என்று. நம் பையனுக்கும் ஒன்று கொடுத்தார். தானாகவே கொடுத்தார். நான் போய்க் கேட்கவில்லை. அரைநாள் அவர் பின்னாலேயே நடந்தேன் என்பதெல்லாம் எழுத வேண்டாம். "இவன் அமெரிக்காவில் பிறக்கவில்லையே" என்று அவர் சொன்னதையும், "எழுதிட்டா செல்லும் துரை, எழுதுங்க" என்று நான் சொன்னதையும் விட்டுவிடும். ஐப்பசியில் நான் பட்டது எனக்குத்தான் தெரியும். என் மகன் மண்டையைக் கழற்றி யார் மேஜையிலும் வைக்க வேண்டியதில்லை. கையில் காகிதம் இருக்கிறது.

துரை வேண்டா வெறுப்பாகத்தான் எழுதினார். அதையும் எழுத வேண்டாம்.

தை 16

உட்காரும், உபதேசியாரே. இன்று நிறைய.

காலையில் இங்கிலீசு யுத்தக் கப்பல் ஒன்று வந்து அமெரிக்கக் கப்பலுக்குப் பக்கத்தில் நின்றது. அந்நேரம் நான் படகோடு அமெரிக்கக் கப்பலை ஒட்டி நிற்கிறேன், துணி மூட்டை ஏறிக்கொண்டிருக்கிறது. நீரும் கணக்கு வாசிக்க என்னோடு வந்திருந்தீர். யுத்தக் கப்பலிலிருந்து ஒரு சின்னத் துரை, பெயர் ஆர்ட்வெல், பத்துச் சிப்பாயோடு ஏறினான். அவர்களுக்கு மாலுமி பற்றாது. யார் கப்பலிலாவது இங்கிலீசுக்காரன் இருந்தால் பிடித்துக்கொள்வார்களாம்.

பிரூஸ்டர் ஆட்களை வரிசையாக நிறுத்தினார்கள். பேசச் சொன்னான். பேசினார்கள். "இங்கிலீசு பேசுகிறான், ஆகவே இங்கிலீசுக்காரன்" என்றான். அந்த நாட்டில் அதுதான் பாஷை என்று பிரூஸ்டர் சொல்கிறார். அது தன் குற்றம் இல்லை என்கிறான் இவன். ஒரு பாஷை பேசுகிறவன் எல்லாம் ஒரே ராஜாவின் ஆள் என்றால், தஞ்சாவூர் ராஜாவைக் கேட்காமல் எனக்கும் சாத்தப்பனுக்கும் சண்டையே வரக் கூடாது.

அப்போது பிரூஸ்டர் காகிதங்களை எடுத்தார். அவன் பொறுக்கி நிறுத்தினது ஏலி, யோபு, ஏனோக்கு என்று மூன்று பேர், செம்பட்டை முடிக்காரர்கள். மூன்று காகிதமும் சரியாக இருக்கிறது. சின்னத் துரை முகம் சுண்டிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனான். நாலாவது காகிதம் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

படித்தான். வைரவனைப் பார்த்தான். மறுபடி படித்தான். அப்புறம் சிரித்தான் பாரும், கப்பல் பாய்மரமே ஆடிற்று. நீர்தான் எனக்குச் சொன்னீர், அவன் சொன்னது இதுதான்: "இந்த ஆள் அமெரிக்காக்காரன் என்றால் என் குதிரையும் அமெரிக்காக்காரன். இது பொய்க் காகிதம். எழுதின கை ஒன்றே, ஆகவே மற்ற மூன்றும் பொய்."

நாலு பேரையும் இறக்கிக்கொண்டு போனார்கள். வைரவன் என்னைப் பார்த்தான். நான் சுக்கான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகு ஆர்ட்வெல் துரைக்கு எங்கள் கோட்டைத் துரையைப் பார்த்து மரியாதை செய்து ஒரு வேளை சாப்பிட வேண்டுமாம். நாலு சிப்பாயோடு என் படகில் ஏறினான். புகார் சொல்ல பிரூஸ்டரும் ஏறினார். அலையில் ஏறினவன் கரை தொடும்வரை தண்டலுடைய ஆள், அது எங்கள் வழக்கம். எதிரியானாலும் நனையாமல் இறக்க வேண்டும். இறக்கினேன்.

மீன் இல்லை இன்று. மன்னியும்.

தை 17

ஆர்ட்வெல் துரை கப்பலுக்குத் திரும்பப் படகு கேட்டான். கட்டுமரத்தில் நனைந்துகொண்டு போக மாட்டானாம். கடல் கொந்தளிப்பு. எழுதும்.

தை 18

இன்றும் கடல் கொந்தளிப்பு. கட்டுமரக்காரர்கள் காலையில் போய் மத்தியானம் கூடை கூடையாக நெத்திலியோடு வந்தார்கள். அது வேறு கடல். உமக்கு ஒரு படி நெத்திலி.

தை 19

கொந்தளிப்பு.

கோட்டையிலிருந்து ஆள் வந்தது. தண்டலை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று கோட்டை வாசலில் பலகை மாட்டியிருக்கிறதே, நினைவில்லையா என்று கேட்டு அனுப்பினேன். நான் பதினாறு வயதில் துடுப்புப் போட்டபோது ஒரு துரை கத்தியை நீட்டிப் படகை இறக்கச் சொன்னான். ஒன்பது பேர் போனார்கள். என் அப்பாவும் அதில். அதற்கப்புறம் எழுதி மாட்டின பலகை. அலையைத் தாண்டலாமா கூடாதா என்பது தண்டல் வாக்கு, மறுபேச்சு கிடையாது. என்னால் படிக்க முடியாது, ஆனால் அதில் எத்தனை வரி, எந்த வரி மழையில் அழிந்தது என்று எனக்குத் தெரியும்.

தை 20

யுத்தக் கப்பல் தன் சொந்தப் படகை அனுப்பித் தன் துரையைக் கூட்டிப்போகப் பார்த்தது. முதல் அலையில் குப்புறக் கவிழ்ந்தது. நம் கட்டுமரக்காரர்கள் அதில் இருந்த ஆறு பேரையும் முடியைப் பிடித்துத் தூக்கிக் கரையில் போட்டார்கள். இப்போது கோட்டையில் பதினொரு இங்கிலீசுக்காரர் சாப்பிடுகிறார்கள். கோட்டைக் கோழியெல்லாம் தீர்ந்து வாத்துக்கு வந்துவிட்டதாகச் சமையற்காரி சொன்னாள்.

பார்த்தீரா, நான் சொன்னேனே கொந்தளிப்பு என்று.

சாயங்காலம் பிரூஸ்டர் துரை வந்தார். அவரும் கோட்டையில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். தன் ஆளைப் பிடித்தவனோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து உப்பை எடுத்துக் கொடு என்று கேட்டுச் சாப்பிடுகிறார். தன்னை மட்டும் கப்பலுக்குக் கொண்டுபோய் விடும்படி கேட்டார்.

"மாட்டேன் துரை. நான் பக்கம் சேராதவன்."

"பக்கம் சேராதவன் என்றால் இரண்டு பேரையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்" என்றார்.

"அது உங்க சேலத்துல. எங்க ஊர்ல ரெண்டு பேரையும் ஏத்த மாட்டோம்."

"அப்படிச் செய்தால் உம் ஆட்களுக்குத்தானே நஷ்டம்?"

உண்மைதான். சரக்கு ஏறாமல் கிடக்கிறது. துடுப்புக்காரர்கள் நாலு நாளாக மணலில் உட்கார்ந்து நண்டு பிடிக்கிறார்கள். பெண்டாட்டிமார் வந்து என் வாசலில் நின்று இருமிவிட்டுப் போகிறார்கள். சாத்தப்பன் மட்டும், "கடல் கொந்தளிக்குது, என்ன பண்றது?" என்று உரக்கச் சொல்லிவிட்டு அதே கடலில் குழந்தையைக் குளிப்பாட்டினான்.

தை 21

காத்தாயி கேட்டுவிட்டாள். ஐந்து நாளாகக் கேட்காமல் இருந்தவள்.

"அந்தக் காயிதத்தை யாரு கேட்டது?"

"துரையாத்தான்..."

"யோவ். முகத்தைப் பாத்துச் சொல்லு."

"நான்தான்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடுப்பில் இருந்ததை இறக்கிவைத்தாள். "அவன் நம்ம புள்ளைன்னு நீ சொல்லியிருந்தாலே போதுமேய்யா. நம்ம புள்ளைக்கு எதுக்கு இன்னொரு ஊரு பேரு?" என்றாள். அவ்வளவுதான்.

இதை எழுத வேண்டாம். எழுதிவிட்டீரா? கை அசைகிறதே.

கடல் கொந்தளிப்பு.

தை 23

விசாரணை.

யுத்தக் கப்பல் இரண்டு நாளாகப் பீரங்கி விட்டுக் கூப்பிடுகிறது. தெற்கே ஏதோ பிராஞ்சுக் கப்பல் கண்ணில் பட்டதாம், துரத்தப் போக வேண்டும். ஆர்ட்வெல் துரை பொறுமை இழந்து கோட்டைத் துரையிடம், "இந்தக் கிழவன் வேண்டுமென்றே செய்கிறான், ஜன்னல் வழியே பார்க்கிறேன், கடல் தட்டு மாதிரி இருக்கிறது" என்று குதித்தான்.

"கோட்டை மேல இருந்து பார்த்தா எல்லாக் கடலும் தட்டையாத்தான் தெரியும்" என்றேன். துபாஷ் அம்பலவாண முதலி அதை மொழிபெயர்த்தார்.

"இதற்கு என்ன ஆதாரம்?" என்று அதே கோட்டை எழுத்தர் கேட்டார். "எதில் எழுதியிருக்கிறது?"

அறுபத்தெட்டு வருஷத்தில் இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை. "எழுதியிருக்கு" என்றேன். "தினப்படி எழுதியிருக்கு. உபதேசியாரைக் கூப்பிடுங்க."

நீர் காகிதக் கட்டோடு வந்தீர். உம் முகத்தைப் பார்த்ததும் என் சந்தோஷம் போயிற்று. ஒரு சொல் குறைக்காமல் எழுதியிருக்கிறீர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேதக்காரர், படிக்கும்போதும் குறைக்க மாட்டீர்.

படித்தீர். சத்தமாக வேறே. "கட்டுமரக்காரர்கள் காலையில் போய் மத்தியானம் கூடை கூடையாக நெத்திலியோடு வந்தார்கள். அது வேறு கடல். உமக்கு ஒரு படி நெத்திலி." வாசலில் நின்ற சேவகன் வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனான். "குழந்தையைக் குளிப்பாட்டினான்." பங்கா விசிறி இழுக்கிறவன் கயிற்றை விட்டுவிட்டான். "இதை எழுத வேண்டாம். எழுதிவிட்டீரா? கை அசைகிறதே." எனக்குத் தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

முடித்தீர். எல்லாரும் துபாஷைப் பார்த்தோம். அம்பலவாண முதலி அங்கவஸ்திரத்தைச் சரி செய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். நாற்பது வருஷம் துரைமாரை ஏற்றி இறக்கினதில் எனக்கு இங்கிலீசில் நாலு சொல் தெரியும், அதில் கடல் ஒன்று. அவர் மொத்தம் சொன்னதே இரண்டு மூன்று சொல்தான்.

"இவ்வளவு நேரம் படித்ததற்கு, 'கடல் மோசம்', அவ்வளவுதானா?" என்றான் ஆர்ட்வெல் துரை.

"தமிழில் கடலைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் மரியாதையாக, நீட்டிச் சொல்வது வழக்கம்" என்றாராம் முதலி.

மிச்சம் இருந்தது கோட்டைத் துரை. அவர் இருபது வருஷமாக இங்கே இருக்கிறவர். சமையற்காரியை அவர் தமிழில் திட்டி நானே கேட்டிருக்கிறேன், ஒரு சொல் தப்பாது. முழுக்கக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் பதினொரு இங்கிலீசுக்காரரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். வாத்தும் தீர்ந்துவிட்டது.

"குறிப்பு ஒழுங்காக இருக்கிறது" என்றார். "தினமார்க்கு இந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேராதது. கடலோடும் சண்டை போடாது. தண்டல், கடல் எப்போது அடங்கும்?"

"கடல் எப்பவும் கொஞ்சம் அப்படித்தான் துரை. ஆள் முழுசா இருந்தா தாண்டிடலாம். எனக்குப் பன்னிரண்டு துடுப்பு. பதினொண்ணுதான் இருக்கு. பன்னிரண்டாவது ஆள் அவங்க கப்பல்ல இருக்கான்."

துபாஷ் சொன்னார். ஆர்ட்வெல் துரை என்னை முறைத்தான். வெளியே பீரங்கி ஒரு தடவை முழங்கிற்று. "அந்தக் கறுப்பு அமெரிக்காக்காரனா? எடுத்துக்கொள்" என்றான்.

அப்போதே நான் வாயை மூடியிருக்கலாம். வந்த காரியம் முடிந்தது. பிரூஸ்டர் துரை மூலையில் உட்கார்ந்து, அந்தப் பாழாய்ப்போன நடுநிலைமைக் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார். என்னால் போன மூன்று பேர்.

"தண்ணீர் இறைக்கவும் மூணு பேர் வேணும்" என்றேன். "எங்க ஆளுங்க மூணு பேருக்கும் நேத்தையிலிருந்து வயித்துப்போக்கு."

மூன்று பேரும் என் பின்னால்தான் நின்றார்கள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கொஞ்சம் அதிகமாகவே முனகினான்.

"கப்பல்ல செம்பட்டை முடியோட மூணு பேர் இருக்காங்களே, அவங்க எங்க ஊர் ஆளுங்க."

"செம்பட்டை முடி!" என்று கத்தினான் ஆர்ட்வெல் துரை.

"வெயில்" என்றேன்.

"பெயர்கள்?" என்று கோட்டைத் துரை கேட்டார்.

"ஏலி, யோபு, ஏனோக்கு." ஞானஸ்நானம் வாங்கின படகுக்காரர் பாதிப் பேருக்கு இங்கே இப்படித்தான் பெயர். உபதேசியாரே, நீர் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர். யாரும் உம்மை ஒன்றும் கேட்கவில்லை, நீரும் ஒன்றும் சொல்லவில்லை. பொய் எழுதின பாவம் எழுத்தர் பேரில்தான்.

எழுத்தர் எழுதினார். தரங்கம்பாடிப் படகுக்காரர்கள் நாலு பேர் என்று. கோட்டைத் துரை முத்திரை வைத்தார். மறுபடி பீரங்கி. ஆர்ட்வெல் துரை தன் கப்பலுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தான். கட்டுமரக்காரன் அதை ஓலைத் தொப்பிக்குள் சொருகிக்கொண்டு வேறு கடல் வழியாகப் போனான்.

வெளியே வரும்போது எழுத்தரிடம் கேட்டேன்: "எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"அப்ப செல்லும்."

தை 24

கடல் அடங்கியது. நாலு பேரும் வந்தார்கள். பதினொரு இங்கிலீசுக்காரரையும் நனையாமல் கொண்டுபோய் விட்டோம். ஏலியும் யோபுவும் ஏனோக்கும் தண்ணீர் இறைத்தார்கள். இறைக்கத் தெரியவில்லை, ஆர்ட்வெல் துரை மேலேயே பாதி விழுந்தது. வழக்கத்துக்கு விரோதம்தான். கண்டிக்கவில்லை.

வைரவன் முதுகில் இரண்டு கோடு. சவுக்கடி. காத்தாயி எண்ணெய் காய்ச்சித் தடவினாள்.

தை 26

பிரூஸ்டர் துரை ஒரு பீப்பாய் உப்பு மீன் கொடுத்தார், நன்றிக்கு. வாங்கிக்கொண்டேன். காத்தாயி குழம்பு வைத்தாள். பூனை வந்து முகர்ந்தது, ஒரு பக்கமும் சேராமல் போய்விட்டது. உபதேசியாருக்கு வேண்டுமென்றால் பீப்பாயோடு எடுத்துக்கொள்ளலாம். வேண்டாமாம்.

தை 27

வைரவன் அந்தக் கப்பலிலேயே போகிறானாம்.

"அடி வாங்கினது போதாதாடா?"

"அடிச்சது அந்தக் கப்பல்ல இல்லப்பா. பதினஞ்சு வருஷமா மூணு அலையைத் தாண்டித் தாண்டித் திரும்பி வர்றேன். அதுக்கு அப்பால என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

இந்தத் தடவை காகிதம் வேண்டாம் என்றான். யாராவது கேட்டால் என் அப்பன் பெயரைச் சொல்லுவேன் என்றான். காத்தாயி என்னைப் பார்க்கவில்லை. சொல்லேன் ஏதாச்சும் என்று கேட்கவும் இல்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

தை 29

காற்று நன்றாக இருக்கிறது. பிரூஸ்டர் கப்பல் பாய் கட்டிக்கொண்டு நிற்கிறது. வைரவன் மூட்டையோடு கரைக்கு வந்துவிட்டான். மூட்டைக்குள் காத்தாயி கட்டிக் கொடுத்த கருவாடு இருக்கிறது, நம் ஊர்க் கருவாடு. பதினொரு பேரும் துடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பன்னிரண்டாவது இடத்தில் புது ஆள் உட்கார்ந்திருக்கிறான். நான் வாயைத் திறந்து சொன்னால்தான் படகு இறங்கும்.

உபதேசியாரே, பேனாவை நிறுத்திவிட்டு ஏன் என்னையும் கடலையும் மாறி மாறிப் பார்க்கிறீர்? தெரியும், எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடக்கிறது. கரையில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

இன்று கடல் கொந்தளிப்பு. எழுதும்.

நாளைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. நாளை மறுநாள் இறக்கிவிடுகிறேன்.